க்யூஜிஐஎஸ் உங்க கம்ப்யூட்டர்ல போடுறது எப்படி? முதல் தடவை பண்றவங்களுக்கு

ஊர்ல இருக்குற கிணறு எல்லாத்தையும் மேப்ல குறிக்கணும், ஏரி எவ்வளவு சுருங்கியிருக்குன்னு சாட்டிலைட் படத்துல பார்க்கணும், இப்படி ஏதோ ஒரு ப்ராஜக்ட் கைக்கு வந்திருக்கும், கைடு "க்யூஜிஐஎஸ் போட்டுக்கோங்க, ஃப்ரீதான்"னு ஒரே வரில சொல்லிட்டு போயிருப்பார். சிவில், ஜியாலஜி, அக்ரி, ஜியாகிரஃபி, எந்த டிபார்ட்மென்ட்டா இருந்தாலும் கதை இதேதான். அவர் சொன்னது பொய் இல்ல, நிஜமாவே ஃப்ரீ, லைசென்ஸ் கீ கிடையாது, ட்ரையல் முடிஞ்சுபோச்சுன்னு வந்து நிக்காது, க்ராக்கு கிராக்குன்னு எதையும் தேட வேண்டாம். ஆனா "போட்டுக்கோங்க"ங்கிற அந்த ஒரு வார்த்தைக்குள்ள கொஞ்சம் வேலை இருக்கு, அதைத்தான் இங்க எழுதுறேன்.

முதல்லயே ஒண்ணு சொல்லிடுறேன். இன்ஸ்டால் ஆகுறது பெரிய விஷயமே இல்ல, நெக்ஸ்ட் நெக்ஸ்ட்னு தட்டினா ஆயிடும். ஆனதுக்கு அப்புறம் எல்லா பாகமும் ஒழுங்கா வேலை செய்யுதான்னு அன்னைக்கே ஒரு பத்து நிமிஷம் சோதிச்சு வச்சுக்கணும், அதைத்தான் யாரும் பண்றதில்ல. ரிவ்யூவுக்கு முந்தின நாள் ராத்திரி ஏதோ ஒரு டூல் ஓடலைன்னா அப்போ அது சாஃப்ட்வேர் கோளாறா, நம்ம டேட்டா கோளாறான்னு பிரிக்கவே முடியாது. அதனால கீழ வர்ற சோதனைப் பகுதியைத் தயவுசெஞ்சு தாண்டிப் போயிடாதீங்க.

இது என்ன சாஃப்ட்வேர்னே தெரியாம வந்தவங்களுக்கு ரெண்டு வரி. மேப் வரையவும், இடம் சார்ந்த டேட்டாவை அலசவும் உதவுற சாஃப்ட்வேர் இது. 2002-ல கேரி ஷெர்மன்னு அலாஸ்காவுல இருந்த ஒருத்தர் ஆரம்பிச்சது, முதல்ல குவான்டம் ஜிஐஎஸ்னு பேரு, 2013-ல 2.0 வந்தப்போ பேரை க்யூஜிஐஎஸ்னே சுருக்கிட்டாங்க. இப்போ உலகம் பூரா இருக்குற ஆளுங்க சேர்ந்து எழுதுறாங்க. உள்ளுக்குள்ள இது ஒரே ஒரு ப்ரோக்ராம் இல்ல, ஜிடால், ப்ராஜ், கிராஸ், பைத்தான், க்யூடின்னு பல தனித்தனி சாஃப்ட்வேர் ஒண்ணா கட்டின மூட்டை. இதை ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி வர்ற எரர் பாதிக்கு காரணம் இந்த மூட்டைக்குள்ள இருக்குற ஏதோ ஒண்ணு, உங்க கம்ப்யூட்டர்ல ஏற்கனவே இருக்குற வேற ஒண்ணோட முட்டிக்கிறதுதான்.

எந்த வெர்ஷன் எடுக்குறது

டவுன்லோட் பக்கம் போனதும் ரெண்டு பட்டன் பக்கத்து பக்கத்துல இருக்கும். ஒண்ணு லாங் டெர்ம் வெர்ஷன், எல்டிஆர்னு போட்டிருக்கும். இன்னொண்ணு லேட்டஸ்ட் வெர்ஷன். நம்ம ஆளுங்களுக்கு லேட்டஸ்ட்னு பார்த்தாலே கை தானா அங்க போகும். போக வேணாம், எல்டிஆர் எடுங்க.

காரணம் இருக்கு. புது வெர்ஷன் நாலு மாசத்துக்கு ஒண்ணு வருது, அதுல புது வசதியோட புது பிழையும் சேர்ந்தேதான் வரும். எல்டிஆர்ங்கிறது அதுல ஒண்ணைப் பிடிச்சு நிறுத்தி, புதுசா எதையும் சேர்க்காம பிழையை மட்டும் திருத்திட்டே வர்ற வரிசை. 3.28, 3.34, 3.40 இதெல்லாம் அப்படி வந்ததுதான். நீங்க இதைப் படிக்கும்போது வேற நம்பர் இருக்கலாம், நம்பரை விடுங்க, எல்டிஆர்னு எழுதியிருக்கான்னு மட்டும் பாருங்க. உங்க கைடோ சீனியரோ ஏதாவது ஒரு ப்ளகின் (மேல சேர்த்துக்கிற கூடுதல் வசதி) வேணும்னு சொல்லியிருந்தா அவங்க எந்த வெர்ஷன் வச்சிருக்காங்கன்னு ஒரு வார்த்தை கேட்டுட்டு அதே வரிசையில போடுறது உத்தமம். ஏன்னா 3-ல ஆரம்பிக்கிற வெர்ஷன் எல்லாம் க்யூடி 5-ஐ நம்பி இருந்துச்சு, 4-ங்கிற வரிசை க்யூடி 6-க்கு மாறுது, பழைய ப்ளகின் எல்லாத்தையும் எழுதினவங்க மாத்திக் கொடுத்திருப்பாங்கன்னு சொல்ல முடியாது.

கம்ப்யூட்டர் பத்தி அதிகம் யோசிக்க வேண்டாம். 64 பிட் விண்டோஸ் வேணும், 3.20-ல இருந்து 32 பிட்டுக்கு வர்றதே இல்ல. 8 ஜிபி ரேம் இருந்தா நிம்மதி, 4 ஜிபியில ஓடும், ஆனா பெரிய சாட்டிலைட் படம் திறந்தா ஃபேன் சத்தம்தான் கேக்கும். சி டிரைவ்ல ஒரு 5 ஜிபியாவது காலியா வச்சுக்கோங்க. கிராஃபிக்ஸ் கார்டு இதுக்குன்னு தனியா தேவையில்ல.

டவுன்லோட்

க்யூஜிஐஎஸ் டாட் ஆர்க், அதுதான் சைட். கூகுள்ல தேடினா ஓரமா சாஃப்ட்வேர் டவுன்லோட் சைட் நாலு வரும், அதுல ஒண்ணையும் தொட வேண்டாம். பட்டனை அமுக்கினதும் நன்கொடை கேட்டு ஒரு பக்கம் வரும், அதைப் பார்த்துட்டு "ஃப்ரீன்னு சொன்னாங்களே, காசு கேக்குதே"ன்னு மூடிட்டுப் போற ஆளுங்க உண்டு. கீழயே ஸ்கிப் பண்ணி டவுன்லோடுக்கு போன்னு ஒரு லிங்க் இருக்கும், அதைத் தட்டுங்க. சம்பளம் வாங்குற காலத்துல ஞாபகம் வந்தா திரும்பி வந்து கொடுங்க.

விண்டோஸுக்கு ரெண்டு வழி இருக்கு. முதல் வழி முழு இன்ஸ்டாலர், எம்எஸ்ஐ ஃபைல், 1 ஜிபிக்கு மேல வரும். வைஃபை நல்லா இருந்தா இதுதான் சுலபம். மொபைல் ஹாட்ஸ்பாட்ல இழுக்குறவங்க டேட்டா பேக்ல மிச்சம் எவ்வளவுன்னு பார்த்துக்கோங்க, பாதியில கட் ஆன ஃபைலும் ஃபோல்டர்ல பார்க்க முழு ஃபைல் மாதிரியேதான் உக்காந்திருக்கும், டபுள் க்ளிக் பண்ணா இந்த இன்ஸ்டாலேஷன் பேக்கேஜைத் திறக்க முடியலைன்னு விண்டோஸ் சொல்லும். அப்படி வந்தா வைரஸ், வெர்ஷன்னு எங்கயும் போய்த் தேடாதீங்க, ஃபைல் அரைகுறை, அவ்வளவுதான், அழிச்சுட்டு திரும்ப இறக்குங்க.

ரெண்டாவது வழி ஓஎஸ்ஜியோ4டபிள்யூ நெட்வொர்க் இன்ஸ்டாலர். இது சின்ன ஃபைல், ஓட விட்டா அதுவே நெட்ல இருந்து ஒவ்வொரு துண்டா இழுத்து போட்டுக்கும். எக்ஸ்ப்ரஸ் இன்ஸ்டால் எடுங்க, க்யூஜிஐஎஸ் எல்டிஆர் டிக் பண்ணுங்க, நடுவுல சில பாகத்துக்கு தனி லைசென்ஸ் ஒப்பந்தம் கேக்கும், படிச்சு சரின்னு கொடுங்க. இதுல ஒரு பெரிய சௌகரியம் என்னன்னா நடுவுல நெட் போனாலும் மறுபடி அதே இன்ஸ்டாலரை ஓட விட்டா போதும், அப்டேட் வந்தாலும் மாறின துண்டை மட்டும் இறக்கும், முழு 1 ஜிபியும் திரும்ப வேண்டாம். நெட் சுமாரா இருக்குற இடத்துல இருந்து வேலை பார்க்குறவங்களுக்கு நான் எப்பவும் இதைத்தான் சொல்றது. ஆனா ஸ்க்ரீன் பழைய காலத்து மாதிரி இருக்கும், அட்வான்ஸ்டு இன்ஸ்டால்குள்ள மட்டும் தெரியாம போயிட்டீங்கன்னா நூத்துக்கணக்குல பேக்கேஜ் பேரு வரிசையா வந்து மிரட்டும், பேக் அடிச்சு எக்ஸ்ப்ரஸுக்கே வந்துடுங்க.

எம்எஸ்ஐ எடுத்தவங்க அதை டபுள் க்ளிக் பண்ணி, லைசென்ஸுக்கு டிக் போட்டு, ஃபோல்டர் கேக்குற இடத்துல ஒண்ணும் மாத்தாம விட்டுட்டு, அட்மின் பாஸ்வேர்ட் கேட்டா கொடுத்து, டீ குடிச்சுட்டு வாங்க. ப்ரோக்ரஸ் பார் ஒரே இடத்துல ரொம்ப நேரம் நிக்கும், தொங்கிப்போச்சுன்னு நினைச்சு டாஸ்க் மேனேஜர்ல போய் கொல்லாதீங்க, ஆயிரக்கணக்கான குட்டி குட்டி ஃபைல் எழுதிட்டு இருக்கும், ஆன்டிவைரஸ் அதை ஒவ்வொண்ணா மோந்து பார்த்துட்டு இருக்கும், பழைய ஹார்ட் டிஸ்க்கா இருந்தா இன்னும் மெதுவு.

காலேஜ் லேப் சிஸ்டமா இருந்தா அட்மின் பாஸ்வேர்ட் லேப் அசிஸ்டென்ட் அண்ணன்கிட்டதான் இருக்கும், அவர் வீட்டுக்குக் கிளம்புறதுக்கு முன்னாடி பிடிச்சுக்கோங்க.

மேக், லினக்ஸ் ஆளுங்களுக்கு

மேக்ல டிஎம்ஜி ஃபைல், திறந்து அப்ளிகேஷன்ஸ் ஃபோல்டர்க்குள்ள இழுத்துப் போட்டா முடிஞ்சது. முதல் தடவை திறக்கும்போது டெவலப்பரை சரிபார்க்க முடியலைன்னு தடுத்தா சிஸ்டம் செட்டிங்ஸ்ல ப்ரைவசி அண்ட் செக்யூரிட்டி போங்க, கீழ ஸ்க்ரோல் பண்ணா ஓப்பன் எனிவே இருக்கும். மேக்குக்கு ரொம்ப வருஷம் இன்டெல் சிப்புக்குன்னு செஞ்ச பில்டுதான் அதிகாரபூர்வமா வந்துட்டு இருந்துச்சு, எம் வரிசை சிப் வச்சிருக்கவங்க அந்த மாதிரி ஒண்ணை எடுத்தா ரோசெட்டா போடவான்னு கேக்கும், போடுன்னு சொல்லுங்க, ஓடும்.

உபுண்டுல நேரா ஆப்ட் வச்சு இன்ஸ்டால் பண்ணலாம்தான், ஆனா உபுண்டுவோட சொந்த களஞ்சியத்துல இருக்குற வெர்ஷன் பெரும்பாலும் பழசு. க்யூஜிஐஎஸ் சைட்லயே லினக்ஸ் பக்கம் இருக்கு, அதுல அவங்களோட சைனிங் கீயையும் களஞ்சிய முகவரியையும் சேர்க்கச் சொல்லி கமாண்ட் கொடுத்திருப்பாங்க, எல்டிஆருக்கு முகவரி தனி, அதைப் பார்த்து காப்பி பண்ணுங்க. எங்கயோ கிடைச்ச பழைய கமாண்டை ஒட்டாதீங்க, கீயை அவங்க மாத்தியிருப்பாங்க, எரர்தான் வரும். உபுண்டு கோட்நேம் வர்ற இடத்துல உங்க சிஸ்டத்தோட கோட்நேம் போடணும், இதைக் கவனிக்காம அப்படியே ஒட்டிட்டு டிபெண்டென்சி எரர்னு உக்காந்திருக்குறவங்கதான் அதிகம். ஃப்ளாட்பேக் வழியாவும் கிடைக்குது, சுலபம்தான், ஆனா அது தனிக் கூண்டுக்குள்ள ஓடுறதால பின்னாடி கூடுதலா பைத்தான் லைப்ரரி சேர்க்கணும்னா தலைவலி.

திறந்து பார்த்து நாலு சோதனை

டெஸ்க்டாப்லயோ ஸ்டார்ட் மெனுலயோ ஐகான் ஒண்ணுக்கு நாலா இருக்கும், க்யூஜிஐஎஸ் டெஸ்க்டாப்னு இருக்குறதுதான் நமக்கு வேணும். க்யூடி டிசைனர், ஓஎஸ்ஜியோ4டபிள்யூ ஷெல், கிராஸ் இதெல்லாம் கூட வந்த உருப்படி, இப்போதைக்கு அப்படியே இருக்கட்டும். முதல் தடவை திறக்க நேரம் எடுக்கும், பொறுங்க.

புது ப்ராஜக்ட் ஒண்ணு திறந்துக்கோங்க. கீழ ஸ்டேட்டஸ் பார்ல கோஆர்டினேட்னு ஒரு குட்டி பெட்டி இருக்கும், மவுஸ் நகர்த்தினா நம்பர் மாறிட்டே இருக்குமே, அதுதான். அதுக்குள்ள இருக்குற நம்பரை அழிச்சுட்டு வேர்ல்டுன்னு ஆங்கிலத்துல சின்ன எழுத்துல டைப் பண்ணி என்டர் தட்டுங்க. உலக மேப் வந்து நிக்கும். டெவலப்பருங்க விளையாட்டா ஒளிச்சு வச்சது இது, ஆனா நமக்கு நல்ல சோதனை, ஏன்னா இந்த மேப் சாஃப்ட்வேர் கூடவே வர்றது, நெட் தேவையில்ல, நெட் பிரச்சனையை இதுல இருந்து தனியா பிரிச்சுடலாம். மேப் வந்துச்சுன்னா படம் வரையுற பாகம், ஃபைல் படிக்கிற பாகம் ரெண்டும் சரி. ஒரு எச்சரிக்கை, இந்த மேப்ல காஷ்மீர், அருணாச்சல் பக்கம் இந்திய அரசு காட்டுற மாதிரி எல்லை இருக்கும்னு நம்பிடாதீங்க, சோதனையோட நிறுத்திக்கோங்க, தீசிஸ்லயோ பேப்பர்லயோ போடப்போற மேப்புக்கு சர்வே ஆஃப் இந்தியா வெளியிடுற எல்லையை எடுங்க.

அடுத்து நெட். இடது பக்கம் ப்ரவுசர்னு ஒரு பேனல் இருக்கும், அதுல எக்ஸ்ஒய்இசட் டைல்ஸ்னு ஒரு வரி, அதை விரிச்சா ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் இருக்கும், டபுள் க்ளிக். ரோடு, ஊர் பேரோட மேப் வரணும். வராம வெள்ளையா நின்னா, அதுவும் காலேஜ் நெட்ல இருந்தா, கிட்டத்தட்ட நிச்சயமா காலேஜ் நெட்டுக்கு நடுவுல நிக்கிற ப்ராக்ஸி சர்வர்தான். செட்டிங்ஸ், அதுல ஆப்ஷன்ஸ், அதுல நெட்வொர்க் போனா ப்ராக்ஸி போடுற இடம் இருக்கும், காலேஜ் ஐபி நம்பரும் போர்ட்டும் அங்க கொடுங்க. க்ரோம்ல நெட் வருதேன்னு கேப்பீங்க, க்ரோம் விண்டோஸோட செட்டிங்கை எடுத்துக்கும், க்யூஜிஐஎஸ்க்கு சில நேரம் நம்மதான் சொல்லிக் கொடுக்கணும். மொபைல் ஹாட்ஸ்பாட் போட்டு ஒரு தடவை பாருங்க, அதுல வந்துச்சுன்னா சந்தேகமே வேண்டாம்.

மூணாவது, ப்ராசஸிங் டூல்பாக்ஸ். மெனுல ப்ராசஸிங்னு இருக்கும், அதுல டூல்பாக்ஸ் திறங்க, வலது பக்கம் வரும், மேல தேடுற பெட்டில சென்ட்ராய்ட்ஸ்னு தேடி, அந்த உலக மேப்ல இருக்குற நாடுகள் லேயரைக் கொடுத்து ரன் பண்ணுங்க. ஒவ்வொரு நாட்டுக்கும் நடுவுல ஒரு புள்ளி வரணும். மெனுல ப்ராசஸிங்கே இல்லைன்னா ப்ளகின்ஸ் மெனு போய் மேனேஜ் அண்ட் இன்ஸ்டால் ப்ளகின்ஸ்ல இன்ஸ்டால்டு பட்டியல்ல ப்ராசஸிங் டிக் போட்டிருக்கான்னு பாருங்க. டிக் போட்டாலும் எரர் அடிச்சா அது பைத்தான் பிரச்சனை, கீழ சொல்றேன்.

நாலாவது பைத்தான். ப்ளகின்ஸ் மெனுலயே பைத்தான் கன்சோல் இருக்கும், திறந்து 2+2 போட்டு என்டர். 4 வரணும். சிரிக்காதீங்க, இந்த 4 வரலைன்னா நீங்க போடப்போற ப்ளகின்ல ஒண்ணு கூட ஓடாது.

நாலும் ஆச்சா, இன்ஸ்டால் முடிஞ்சது. இந்த நிலைமையில ப்ராஜக்டை மூடிட்டு ஒரு தடவை கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் பண்ணி திரும்ப திறந்து பாருங்க, திறந்தா சந்தோஷம்.

எரர் வந்தா எங்க பார்க்கணும்

அடிக்கடி வர்ற ஒண்ணு, ப்ராஜ் டாட் டிபி கிடைக்கலைன்னு சிவப்பா ஒரு வரி, இல்லைன்னா வலது பக்கம் கீழ மூலையில இபிஎஸ்ஜி நம்பர் (கோஆர்டினேட் சிஸ்டத்தோட அடையாள எண்) இருக்க வேண்டிய இடத்துல எதுவும் உருப்படியா வராது, எந்த கோஆர்டினேட் சிஸ்டம் தேர்ந்தெடுத்தாலும் ஏத்துக்காது. ப்ராஜ்ங்கிறது அட்சரேகை தீர்க்கரேகையை மேப்ல உக்கார வைக்கிற லைப்ரரி, அதுக்கு ஒரு டேட்டாபேஸ் ஃபைல் வேணும், அதுதான் ப்ராஜ் டாட் டிபி. உங்க கம்ப்யூட்டர்ல ஏற்கனவே போஸ்ட்கிரஸ்ங்கிற டேட்டாபேஸ் சாஃப்ட்வேர் கூட போஸ்ட்ஜிஐஎஸ் போட்டிருந்தா, அதோட இன்ஸ்டாலர் ப்ராஜ் லிப்னு ஒரு என்விரான்மென்ட் வேரியபிளை (எல்லா சாஃப்ட்வேரும் பார்க்குற விண்டோஸ் செட்டிங்) பதிவு பண்ணவான்னு கேட்டிருக்கும், நீங்க எஸ்னு தட்டியிருப்பீங்க, யாருதான் படிச்சோம். இப்போ க்யூஜிஐஎஸ் தன் வீட்டு டேட்டாபேஸை விட்டுட்டு அந்த பழைய வெர்ஷனோட டேட்டாபேஸைப் போய்த் திறக்கப் பார்க்குது, ரெண்டும் ஒத்துப்போகல.

விண்டோஸ் சர்ச்ல என்விரான்மென்ட் வேரியபிள்ஸ்னு தேடுங்க, பட்டியல்ல ப்ராஜ் லிப், ப்ராஜ் டேட்டா, ஜிடால் டேட்டா இப்படி ஏதாவது இருக்கான்னு பாருங்க, இருந்தா அதோட மதிப்பை ஒரு நோட்பேட்ல எழுதி வச்சுட்டு அழிங்க, க்யூஜிஐஎஸ்ஸை மூடித் திறங்க. எழுதி வைக்கச் சொல்றது எதுக்குன்னா அந்த போஸ்ட்ஜிஐஎஸ் உங்களுக்கு இன்னும் தேவைப்படலாம், திரும்ப போடணும். அழிக்க மனசு வரலைன்னா க்யூஜிஐஎஸ்லயே செட்டிங்ஸ், ஆப்ஷன்ஸ், சிஸ்டம் போனா என்விரான்மென்ட்னு ஒரு பகுதி இருக்கு, அதுல அந்த வேரியபிளை இந்த சாஃப்ட்வேருக்கு மட்டும் மாத்தியோ நீக்கியோ வைக்கலாம்.

பைத்தான் பிரச்சனையும் இதே குடும்பம்தான். பைத்தான் ஹோம், பைத்தான் பாத்னு ரெண்டு வேரியபிள், வேற ஏதோ சாஃப்ட்வேர் போடும்போது வந்து ஒட்டிக்கும். க்யூஜிஐஎஸ் தனக்குன்னு ஒரு பைத்தானைக் கையோட கொண்டு வருது, வெளியில இருக்குற பைத்தானைக் காட்டினா குழம்பிப்போகும். அனகோண்டா, தனி பைத்தான் இதெல்லாம் இருக்குறதால ஒண்ணும் ஆகாது, அந்த வேரியபிள் இருக்குறதுதான் வினை. இன்னொரு சந்தேகம் அடிக்கடி கேப்பாங்க, "பிப் கமாண்ட்ல ஒரு பைத்தான் லைப்ரரி போட்டேன், க்யூஜிஐஎஸ்ல வரலையே"ன்னு. கமாண்ட் ப்ராம்ப்ட்ல போட்டா அது உங்க வெளி பைத்தானுக்குப் போயிடும். ஸ்டார்ட் மெனுல ஓஎஸ்ஜியோ4டபிள்யூ ஷெல்னு வந்துச்சே, வேண்டாம்னு விட்டோமே, அதைத் திறந்து அதுக்குள்ள போட்டாதான் க்யூஜிஐஎஸ்ஸோட பைத்தானுக்குப் போகும்.

எல்லாம் நல்லா ஓடிட்டு இருந்து, ஏதோ ஒரு ப்ளகின் போட்டதுல இருந்து திறக்கும்போதே மூடிக்குதுன்னா அன்இன்ஸ்டால் பண்ணி திரும்ப போடுறதுல பிரயோஜனம் இல்ல. ப்ளகின், செட்டிங்ஸ் எல்லாம் யூசர் ப்ரொஃபைல்னு தனி ஃபோல்டர்ல இருக்கு, விண்டோஸ்ல அது ஆப்டேட்டா ரோமிங்குள்ள இருக்கும், அன்இன்ஸ்டால் பண்ணாலும் அது அங்கயேதான் இருக்கும், திரும்ப போட்டதும் அதே நோய் திரும்பி வரும். திறக்குதுன்னா செட்டிங்ஸ் மெனுல யூசர் ப்ரொஃபைல்ஸ் போய் புதுசா ஒண்ணு உருவாக்கிப் பாருங்க. திறக்கவே இல்லைன்னா அந்த ரோமிங் ஃபோல்டருக்குள்ள க்யூஜிஐஎஸ் பேர்ல இருக்குற ஃபோல்டரை அழிக்காம பேரை மட்டும் மாத்தி வைங்க, அடுத்த தடவை புது ஆள் மாதிரி திறக்கும்.

இது இன்ஸ்டால் கோளாறு இல்ல

சாஃப்ட்வேர் சரியில்லைன்னு என்கிட்ட வர்ற கேள்வில பெரும்பாலும் சாஃப்ட்வேர்ல ஒண்ணும் இருக்காது.

"ஷேப்ஃபைல் திறக்கல." வாட்ஸ்அப்ல நண்பன் எஸ்ஹெச்பி ஃபைலை மட்டும் அனுப்பியிருப்பான். ஷேப்ஃபைல்ங்கிறது ஒரு ஃபைல் இல்ல, அதே பேர்ல எஸ்ஹெச்எக்ஸ், டிபிஎஃப், பிஆர்ஜேன்னு கூட்டமா இருக்கும், எல்லாம் ஒரே ஃபோல்டர்ல இருக்கணும். ஜிப் பண்ணி அனுப்பச் சொல்லுங்க.

"பென்டிரைவ்ல ப்ராஜக்ட் எடுத்துட்டு வந்தேன், லேயர் எல்லாம் காணோம்." க்யூஜிஇசட் ஃபைலுக்குள்ள டேட்டா கிடையாது, டேட்டா எங்க இருக்கு, என்ன கலர்ங்கிற குறிப்புதான் இருக்கு. ப்ராஜக்டையும் டேட்டாவையும் ஒரே ஃபோல்டர்ல வச்சு ஃபோல்டரையே தூக்கிட்டுப் போங்க.

"சென்னைன்னு போட்ட புள்ளி சென்னைல இல்ல." எக்செல்ல இருந்து சிஎஸ்வி எடுத்து டிலிமிட்டட் டெக்ஸ்ட்ல கொடுக்கும்போது எக்ஸ் இடத்துல லாங்கிட்யூட், ஒய் இடத்துல லாட்டிட்யூட் கொடுக்கணும். நம்ம வாய்ல லாட் லாங்னே வர்றதால எல்லாரும் மாத்திக் கொடுப்பாங்க. சென்னை கிட்டத்தட்ட 13.08 வடக்கு, 80.27 கிழக்கு. மாத்திப் போட்டா அது ஸ்வால்பார்டுக்கு வடக்க ஆர்க்டிக் கடல்ல போய் நிக்கும். மேப்பை ரொம்ப தூரம் ஜூம் அவுட் பண்ணிப் பாருங்க, உங்க புள்ளி எல்லாம் அங்க குளிர்ல கூட்டமா இருக்கும்.

"கிணத்தைச் சுத்தி 500 மீட்டர் பஃபர் போட்டேன், மேப்பே முழுங்கிடுச்சு." பஃபர் விண்டோல தூரத்துக்குப் பக்கத்துல மீட்டர்னு இருக்கா டிகிரீஸ்னு இருக்கான்னு பார்க்கணும். ஜிபிஎஸ்ல இருந்து வர்ற டேட்டா இபிஎஸ்ஜி 4326, அதுல அலகு டிகிரி, ஒரு டிகிரி அட்சரேகைன்னாலே சுமார் 111 கிலோமீட்டர், நீங்க 500 டிகிரி கேட்டிருக்கீங்க. முதல்ல ரீப்ரொஜெக்ட் லேயர்னு டூல் இருக்கு, அதுல மீட்டர்ல அளக்குற யூடிஎம்ங்கிற கோஆர்டினேட் சிஸ்டத்துக்கு மாத்துங்க. இங்க தமிழ்நாட்டு ஆளுங்களுக்கு ஒரு தொல்லை, 78 டிகிரி கிழக்குங்கிற கோடு நம்ம மாநிலத்தை ரெண்டு யூடிஎம் ஜோனா பிரிக்குது. கோயம்புத்தூர், ஈரோடு, திருநெல்வேலி, கன்னியாகுமரி எல்லாம் ஜோன் 43, அதாவது இபிஎஸ்ஜி 32643. சென்னை, திருச்சி, சேலம் எல்லாம் ஜோன் 44, 32644. திண்டுக்கல் டவுன் 43-ல, மதுரை டவுன் 44-ல. இலங்கைக்காரங்களுக்கு இந்தத் தொல்லை இல்ல, தீவு முழுக்க 44-க்குள்ளயே இருக்கு.

தமிழ் பேரு கட்டம் கட்டமா வருதா

லேபிள்ல தமிழ் வரணும்னா யூனிகோட் ஃபான்ட் கொடுங்க, விண்டோஸ்ல நிர்மலா யூஐ இருக்கும், லினக்ஸ்ல நோட்டோ சான்ஸ் தமிழ். ஃபான்ட் மாத்தியும் ஆங்கில எழுத்தா சம்பந்தமில்லாம வந்தா அந்த டேட்டா பாமினி மாதிரி பழைய ஃபான்ட்ல டைப் பண்ணினது, அதை யூனிகோடுக்கு மாத்தாம எந்த சாஃப்ட்வேர்லயும் ஒண்ணும் பண்ண முடியாது. கேள்விக்குறியா வந்தா எக்செல்ல சேவ் பண்ணும்போதே போயிடுச்சு, சேவ் ஆஸ்ல சும்மா சிஎஸ்வின்னு இல்லாம சிஎஸ்வி யூடிஎஃப்-8னு இருக்கும், அதை எடுத்து மூல எக்செல்ல இருந்து திரும்ப சேவ் பண்ணுங்க.

தமிழ்ல டேட்டா வச்சுக்கிறவங்க ஷேப்ஃபைல்ல சேமிக்காதீங்க. அதுல நெடுவரிசைப் பேருக்கு 10 பைட்தான் இடம், யூடிஎஃப்-8ல தமிழ்ல எழுத்துக்குறி ஒவ்வொண்ணும் 3 பைட், காலும் கொம்பும் புள்ளியும் கூட தனித்தனி கணக்கு. மாவட்டம்னு நெடுவரிசைக்குப் பேரு வச்சா மாவ-வோட இடம் தீர்ந்துடும். ஜியோபேக்கேஜ்ல சேமிங்க, இந்தக் கட்டுப்பாடு எதுவும் இல்ல, ஃபைலும் ஒண்ணே ஒண்ணுதான்.

யூசர்நேம் தமிழ்லயோ இடைவெளி விட்டோ இருக்குற விண்டோஸ்ல சில கிராஸ் டூல்ஸ் முரண்டு பிடிக்கும், டேட்டாவை டி டிரைவ்ல ஆங்கிலப் பேர்ல இடைவெளி இல்லாத ஃபோல்டர் ஒண்ணு போட்டு வச்சுக்கிட்டா வம்பு குறையும்.

புது வெர்ஷன் வந்தா

எம்எஸ்ஐ போட்டவங்களுக்கு புது வெர்ஷன் பழசுக்குப் பக்கத்துலயே தனி ஃபோல்டர்ல போய் உக்காரும், பழசு தானா போகாது, சி டிரைவ் ஏன் நிறைஞ்சுபோச்சுன்னு ஆறு மாசம் கழிச்சு தேடுவீங்க. ரெண்டும் கொஞ்ச நாள் இருக்கட்டும், ஆனா 3 வரிசையில எத்தனை வெர்ஷன் இருந்தாலும் எல்லாத்துக்கும் யூசர் ப்ரொஃபைல் ஒண்ணுதான்ங்கிறதை மறக்காதீங்க, ஒண்ணுல ப்ளகின் அப்டேட் பண்ணா இன்னொண்ணுலயும் மாறும். புதுசுல சேவ் பண்ணின ப்ராஜக்டைப் பழைய வெர்ஷன்ல திறந்தா எச்சரிக்கை வரும், சில ஸ்டைல் காணாமப் போகலாம், அதனால ஒரே ப்ராஜக்ட்ல வேலை பார்க்குற ரெண்டு பேரும் பேசி வச்சுக்கிட்டு ஒரே நேரத்துல மாறுங்க. தீசிஸ் சப்மிட் பண்ண ரெண்டு வாரம் இருக்கும்போது எந்த அப்டேட்டும் பண்ணாதீங்க. மாறினதும் அந்த நாலு சோதனையையும் புது வெர்ஷன்ல ஒரு தடவை ஓட்டிப் பார்த்துட்டு, சரியா இருந்தா கன்ட்ரோல் பேனல் போய் பழசை எடுத்துடலாம்.